பெரியவர்கள் பார்க்கும் அங்கதக் கார்ட்டூன்: வாசகர் சந்திப்புக்கு எந்த அத்தியாயத்தை எடுக்கலாம்?

லெபோ பசார் வாசகி:

வணக்கம். ஜார்ஜ்டவுனில் மாதம் ஒருமுறை கூடும் எங்கள் தமிழ் வாசகர் வட்டத்தில், அடுத்த சந்திப்புக்குப் பெரியவர்களுக்கான நையாண்டிக் கார்ட்டூன் தொடர்கள் பற்றிப் பேசலாம் என்று முடிவாகியிருக்கிறது. பதினைந்து பேர் வருவார்கள். பாதிப்பேர் ஐம்பதைத் தாண்டியவர்கள், மற்றவர்கள் கல்லூரி மாணவர்கள். மொத்தம் 2 மணி நேரம்.

மூத்தவர்களுக்குக் கார்ட்டூன் என்றால் உப்பின் இப்பின் மாதிரிச் சிறுவர் தொடர்தான். "வளர்ந்த ஆள் இதில் என்ன பார்க்கிறான்?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி, அதற்குச் சரியான பதில் வேண்டும். அமெரிக்க அரசியல் தெரியாதவருக்கும் பிடிபடுகிற அத்தியாயங்கள் எவை? மண்டபத்தில் போட்டுக் காட்டலாமா, அல்லது எல்லாரும் வீட்டிலேயே பார்த்துவிட்டு வருவது நல்லதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சட்டகம்24:

அக்கா, கதையை விட்டுவிட்டு ஓவியத்திலிருந்து தொடங்குங்கள். மூத்தவர்களின் கேள்விக்குப் பதில் அங்கேதான் இருக்கிறது.

வரைந்த உருவத்துக்கு வயதாகாது. ஒரு குடும்பத்தைப் பற்றிய அமெரிக்கக் கார்ட்டூன் தி சிம்ப்சன்ஸ் தனித் தொடராக வந்தது 1989 டிசம்பர் 17. அந்த வீட்டு மகன் பார்ட்டுக்கு அன்றும் 10 வயது, இன்றும் 10 வயது. தங்கைகள் லிசாவுக்கு 8, மேகிக்கு 1. வீடும் சோபாவும் அதேதான். குடும்பம் அப்படியே நிற்பதால், அதைச் சுற்றி மாறுகிற உலகம் பளிச்சென்று தெரிகிறது. நடிகர்களை வைத்து இத்தனை ஆண்டு இப்படி ஓட்ட முடியாது.

அடுத்தது அசைவு. திரையில் நொடிக்கு 24 சட்டகம் (ஃபிரேம்). தொலைக்காட்சிக் கார்ட்டூனில் பெரும்பாலும் ஒரு படத்தை இரண்டு சட்டகத்துக்கு நிறுத்துவார்கள். அதாவது நொடிக்கு 12 படம். பேசும்போது வாய் மட்டும் அசையும், உடம்பு நிற்கும். இது செலவைக் குறைக்க வந்த பழக்கம், ஆனால் நையாண்டிக்கு வாய்த்த வரம். கண்ணுக்கு வேலை குறைவதால் காது வசனத்தில் நிற்கிறது. பின்னணியில் கடைப்பலகையிலும் சுவரொட்டியிலும் எழுதி வைத்த கேலியைப் படிக்கவும் நேரம் கிடைக்கிறது.

மூன்றாவது, எவ்வளவு சீக்கிரம் தயாராகிறது என்பது. எந்தத் தொடர் எதைக் கேலி செய்ய முடியும் என்பதைத் தீர்மானிப்பதே இதுதான். சிம்ப்சன்ஸில் ஓர் அத்தியாயம் எழுதி, குரல் பதிவு செய்து, தென் கொரியாவுக்கு அனுப்பி வரைந்து வாங்கப் பல மாதம் ஆகும். அதனால் அது நேற்றைய செய்தியைத் தொடாது. பள்ளி, தேவாலயம், நகரமன்றம், முதலாளி என்று நிலைத்து நிற்பவற்றைத்தான் தொடும். சிறுவர்களைப் பாத்திரங்களாக வைத்துப் பெரியவர்களுக்கு எடுக்கும் சவுத் பார்க் தொடர் நேர் எதிர். 1997-இல் வந்த முதல் அத்தியாயத்தைத் தாளை வெட்டி வைத்து எடுத்தார்கள். பிறகு கணினியிலேயே அந்தத் தாள் தோற்றத்தைக் கொண்டுவந்தார்கள். உருவங்கள் அவ்வளவு எளிமை என்பதால் வியாழக்கிழமை உட்கார்ந்து பேசியது அடுத்த புதன்கிழமை ஒளிபரப்பாகிறது. ஆறு நாள்! 2008 நவம்பர் 4 அன்று ஒபாமா வென்றார். மறுநாளே, அவருடைய வெற்றி உரையின் சொற்களோடு அத்தியாயம் வந்துவிட்டது. இந்த முறையின் பலவீனமும் இதே வேகம்தான். 2013 அக்டோபரில் ஸ்டூடியோவில் மின்சாரம் போனதால் முதன்முறையாகக் கெடுவைத் தவறவிட்டார்கள். செய்தி ஆறிப்போனால் அத்தியாயமும் ஆறிப்போகிறது. பத்தாண்டு கழித்துப் பார்ப்பவருக்கு அடிக்குறிப்பு வேண்டும்.

எனவே உங்கள் கூட்டத்துக்குச் சவுத் பார்க் வேண்டாம். அமெரிக்கத் தொலைக்காட்சியின் வயதுத் தரப்படுத்தலிலும் அது முழுக்க முழுக்கப் பெரியவர்களுக்கானது. கெட்ட வார்த்தை அதிகம், மூத்தவர்கள் அதைத் தாண்டி வரமாட்டார்கள். நிலைத்தவற்றைக் கேலி செய்கிற தொடரை எடுங்கள்.

ஒரு கூடுதல் தகவல்: தி ஃபிளின்ட்ஸ்டோன்ஸ் 1960-இல் அமெரிக்காவில் இரவு நேரத்தில், பெரியவர்களையும் எண்ணித்தான் ஒளிபரப்பானது. தொடக்கத்தில் அதன் விளம்பரதாரர் ஒரு சிகரெட் நிறுவனம். கார்ட்டூன் என்றால் சிறுவர் பண்டம் என்ற எண்ணத்தை உடைக்க இந்த ஒரு செய்தியே போதும்.

கட்டியக்காரன்:

மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். ஆனால் மூத்தவர்களிடம் சட்டகக் கணக்கைச் சொன்னால் தலையாட்டிவிட்டு அடுத்த நிமிடம் மறந்துவிடுவார்கள். அவர்களுக்குத் தெரிந்த வாசலைத் திறங்கள்.

தொல்காப்பியச் செய்யுளியல் அங்கதத்தை இரண்டாகப் பிரிக்கிறது. முகத்துக்கு நேராக வசை பாடுவது செம்பொருள் அங்கதம். வசையை மறைத்துச் சொல்வது பழிகரப்பு. இரண்டாவதற்குப் புறநானூறு 95-ஐ விட நல்ல சான்று இல்லை. தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டுகிறான். ஔவையார் என்ன சொல்கிறார்? உன் ஆயுதங்கள் பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசி, காவலுள்ள மாளிகையில் இருக்கின்றன. என் தலைவனுடையவையோ பகைவரைக் குத்தி முனை முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்கிறார். கேட்பவனுக்குப் புகழ்ச்சி போல இருக்கும், ஆனால் குத்து உள்ளே இறங்கிவிடும்.

இதைச் சொல்லிவிட்டு கிங் ஆஃப் தி ஹில் தொடரின் முதல் பருவம் 7-ஆம் அத்தியாயத்துக்கு வாருங்கள். 1997-இல் வந்தது. டெக்சஸில் ஹேங்க் ஹில் என்ற எரிவாயு விற்பனையாளரின் பக்கத்து வீட்டுக்கு லாவோஸ் குடும்பம் குடிவருகிறது. லாவோஸ் எங்கே இருக்கிறது, அண்டை நாடுகள் எவை, மக்கள்தொகை எவ்வளவு என்று அந்தக் குடும்பத் தலைவர் விளக்குகிறார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஹேங்க், "அப்படியானால் நீங்கள் சீனரா, ஜப்பானியரா?" என்கிறார். ஹேங்க் வாயில் ஒரு வசைச்சொல்கூட இல்லை. வெளிநாட்டில் "மலேசியா" என்று சொன்ன பிறகும் "இந்தியாவில் எந்த ஊர்?" என்று கேட்கப்பட்ட எந்த மலேசியத் தமிழருக்கும் இதற்கு விளக்கம் தேவைப்படாது.

பழிகரப்பு எங்கே தவறிப்போகும் என்பதையும் சந்திப்பில் பேசுங்கள், இதுதான் முக்கியம். தெருக்கூத்தில் கட்டியக்காரன் அவையோருக்கு அருகில் நின்று, ராஜா பேசுவதை அவ்வப்போது மறித்துக் கேட்பான். யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பதில் கூட்டத்துக்குக் குழப்பம் வராது. இந்தத் தொடர்களில் அப்படி ஒரு ஆள் கிடையாது. அதனால் கேலிக்கு ஆளானவனையே சிலர் நாயகனாகக் கொண்டாடிவிடுகிறார்கள். சவுத் பார்க்கின் கார்ட்மன் வெறுப்பைக் கக்குகிற சிறுவன். அவன் சொல்வதை அப்படியே தங்கள் கருத்தாகத் திருப்பிச் சொல்கிறவர்கள் உண்டு. ஆகவே ஒவ்வொரு காட்சிக்கும் இரண்டு கேள்வி கேளுங்கள்: சிரிப்புக்கு ஆளானது யார்? சிரித்து முடித்த பிறகு இழப்பு யாருக்கு? இரண்டுக்கும் ஒரே விடை வந்து, அந்த ஆள் ஏற்கெனவே கீழே கிடப்பவன் என்றால் அந்தக் காட்சி தோற்றுவிட்டது என்று தயங்காமல் சொல்லலாம்.

செந்தூல்வாசி:

இவ்வளவு பேசிவிட்டு, சிம்ப்சன்ஸில் வரும் இந்தியக் கடைக்காரர் அப்புவைத் தொடாமல் விட முடியாது. சிம்ப்சன்ஸ் ஏழாம் பருவம் 23-ஆம் அத்தியாயத்தை எடுங்கள், 1996 மே மாதம் வந்தது. கதை இப்படி: ஊருக்குள் ஒரு கரடி வருகிறது. மக்கள் கத்தியதும் கரடிக் காவல்படை அமைக்கிறார்கள். அதற்கு 5 டாலர் வரி. வரியைக் கண்டதும் மறுபடியும் கூச்சல். தப்பிக்க மேயர், எல்லாவற்றுக்கும் காரணம் அனுமதியில்லாமல் வந்த குடியேறிகள் என்று கைகாட்டிவிடுகிறார். அவர்களை வெளியேற்ற வாக்கெடுப்பு வருகிறது. கடைக்கார அப்பு மாட்டிக்கொள்கிறார். கலிபோர்னியாவில் 1994-இல் உண்மையாகவே நடந்த 187-ஆம் முன்மொழிவு வாக்கெடுப்புதான் இதன் மூலம். ஆனால் அது தெரியாவிட்டாலும் கதை புரியும். குடியுரிமை இல்லாமல் நிரந்தரவாசிக்கான சிவப்பு அடையாள அட்டையோடு காலம் தள்ளும் குடும்பங்களை அறிந்தவர்கள் நம்மிடையே நிறைய. குடியுரிமைத் தேர்வில் அப்பு, அமெரிக்க உள்நாட்டுப் போரின் காரணங்களை ஆழமாக விளக்கத் தொடங்க, அதிகாரி ஒற்றைச் சொல்லில் முடிக்கச் சொல்லும் இடத்தில் கூட்டம் நிமிர்ந்து உட்காரும்.

அதே நேரம் அப்புவின் குரலையும் பேசியே ஆகவேண்டும். குரல் கொடுத்தவர் ஹேங்க் அசாரியா, வெள்ளையர். அந்த இழுவைப் பேச்சை வைத்துப் பள்ளியில் கேலிக்கு ஆளான தெற்காசியப் பிள்ளைகளின் கோணத்தை ஹரி கொண்டபோலு 2017-இல் ஓர் ஆவணப்படமாக எடுத்தார். 2020 தொடக்கத்தில் அசாரியா இனி அந்தக் குரல் தரமாட்டேன் என்றார். அதே ஆண்டு ஜூனில், வெள்ளையரல்லாத பாத்திரங்களுக்கு இனி வெள்ளை நடிகர்கள் குரல் கொடுக்கமாட்டார்கள் என்று தயாரிப்புத் தரப்பும் அறிவித்தது. கட்டியக்காரன் அண்ணன் சொன்ன இரண்டு கேள்வியையும் இங்கே போட்டுப் பாருங்கள். கதையில் சிரிப்பு மேயருக்கும் ஊராருக்கும் எதிராகப் போகிறது. உச்சரிப்பில் வரும் சிரிப்போ அப்புவுக்கு எதிராகவே போகிறது. ஒரே அத்தியாயத்துக்குள் இரண்டும் இருக்கின்றன. விவாதத்துக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

துணைவரி:

மண்டபத்தில் போட்டுக் காட்டாதீர்கள். பொதுவில் திரையிட 2002-ஆம் ஆண்டுத் திரைப்படத் தணிக்கைச் சட்டப்படி தணிக்கை வாரியத்தின் அனுமதி வேண்டும். இணையச் சந்தாவும் வீட்டில் பார்க்க மட்டும்தான். எல்லாரும் முன்கூட்டியே பார்த்துவிட்டு வரட்டும். தேதி குறிக்கும் முன் அந்தக் குறிப்பிட்ட அத்தியாயம் பட்டியலில் இருக்கிறதா என்று நீங்களே திறந்து பாருங்கள். தொடர் இருந்தால் எல்லா அத்தியாயமும் இருக்கும் என்று பொருளில்லை. தியானன்மென் பற்றிய கேலி வரும் சிம்ப்சன்ஸ் அத்தியாயம் ஒன்று ஹாங்காங் டிஸ்னி பிளஸ் பட்டியலில் இல்லாதது 2021-இல் செய்தியானது.

ஓர் அத்தியாயம் ஏறக்குறைய 22 நிமிடம். இரண்டு முறை பார்க்கச் சொல்லுங்கள். முதல் முறை நிறுத்தாமல். இரண்டாம் முறை, பின்னணியில் எழுத்து வரும் இடமெல்லாம் நிறுத்தி. மூத்தவர்களுக்கு மலாய்த் துணைவரிகள் (சப்டைட்டில்) ஆங்கிலத்தைவிட எளிது என்றால் அதையே போடட்டும். ஆனால் வரி திரையில் நிற்கும் சில நொடிக்குள் படித்து முடிக்க வேண்டும் என்பதால் மொழிபெயர்ப்பில் சிலேடையும் உள்குத்தும்தான் முதலில் வெட்டுப்படும். அந்த இழப்பை ஈடுகட்ட, முக்கியமான ஐந்தாறு வசனத்தை ஒரு தாளில் தமிழில் எழுதி முன்பே கொடுங்கள்.

எழுதும்போது சொல்லுக்குச் சொல் போகாதீர்கள். கரடி அத்தியாயத்தில் லிசா ஒரு கல்லைக் காட்டி, இது புலியை விரட்டும் கல் என்கிறாள். எப்படி என்று கேட்டால், வேலை செய்யாது, வெறும் கல்தான், ஆனால் இங்கே புலி இல்லையே, பார்த்தீர்களா என்கிறாள். அவள் அப்பா ஹோமர் உடனே அதை விலைக்குக் கேட்கிறார். கரடிப் படையால்தான் கரடி வரவில்லை என்ற வாதத்தின் ஓட்டையைக் காட்டும் இடம் இது. மூலத்தில் உள்ள "கல்" அப்படியே இருக்கட்டும். பக்கத்தில் "தாயத்து" என்று ஒரு சொல் எழுதிவிட்டால் போதும், மூத்தவர்களுக்குப் பிடிபட்டுவிடும்.

வாட்ஸ்அப்பில் சுற்றும் அரை நிமிடத் துண்டுகளை மட்டும் அனுப்பவேண்டாம். யாரைக் கேலி செய்கிறார்கள் என்பது முதல் ஏழெட்டு நிமிடத்தில் கட்டப்படுகிறது. துண்டில் இருப்பது கடைசி உதை மட்டும். அடிவாங்குபவர் யாரென்று தெரியாமல் உதையை மட்டும் பார்த்தால் அது வெறும் முரட்டுத்தனமாகத்தான் தெரியும்.

பட்டர்வொர்த் தம்பி:

மாணவர்கள் வருகிறார்கள் என்றால் போஜாக் ஹார்ஸ்மேனை விடாதீங்க அக்கா. புகழ் மங்கிப்போன ஒரு குதிரை நடிகனின் கதை. 2014 முதல் 2020 வரை நெட்பிளிக்ஸில் வந்தது. சிம்ப்சன்ஸில் அத்தியாயம் முடிந்தால் பெரும்பாலும் எல்லாம் பழையபடி ஆகிவிடும். இதில் உடைந்தது உடைந்ததுதான். முதல் பருவத்தில் ஹாலிவுட் மலைப்பலகையின் கடைசி எழுத்து திருடு போகும். திரும்ப வைக்கமாட்டார்கள். அதற்குப் பிறகு எல்லாரும் ஊரையே "ஹாலிவு" என்று அழைப்பார்கள். தமிழில் எழுதினாலும் கடைசி "ட்" போனால் அதே நகைச்சுவை வந்துவிடுகிறது!

ஐந்தாம் பருவம் 6-ஆம் அத்தியாயம் கிட்டத்தட்ட முழுவதும் போஜாக் ஒருவனே சவப்பெட்டி முன் நின்று அம்மாவைப் பற்றிப் பேசுவது. ஒப்பாரி கேட்டு வளர்ந்தவர்களுக்கு, துக்க வீட்டில் என்ன சொல்லலாம், என்ன சொல்லக்கூடாது என்ற விஷயம் உடனே உறைக்கும். ஆனால் தொடரில் குடி, போதைப்பொருள், தற்கொலை எல்லாம் வரும். முன்கூட்டியே சொல்லிவிடுங்க. வீட்டில் சிறுவர்கள் இருந்தால் கணக்குக்கு நான்கு இலக்கப் பின் எண் போடச் சொல்லுங்க, படத்தைப் பார்த்துப் பிள்ளைகள் தங்களுக்கானது என்று நினைத்துத் திறந்துவிடும்.

லெபோ பசார் வாசகி:

எல்லாருக்கும் மிக்க நன்றி. அப்பு அத்தியாயமும் லாவோஸ் குடும்ப அத்தியாயமும் என்று முடிவு செய்துவிட்டேன். போஜாக் விருப்பமுள்ளவர்களுக்கு. ஒரே ஒரு கேள்வி: "நம் நாட்டில் இப்படி ஏதும் இல்லையா?" என்று கட்டாயம் கேட்பார்கள். என்ன சொல்வது?

கட்டியக்காரன்:

அச்சில் உண்டு. கிலா-கிலா என்ற மலாய் நகைச்சுவை இதழ் 1978-இல் தொடங்கியது. அமெரிக்காவின் மேட் இதழின் பாணியைத் தழுவியது. கேலிச்சித்திரக்காரர் லாட் வரைந்த கம்பத்து (கிராமத்து) வாழ்க்கையை 1990-களின் இறுதியில் 26 அத்தியாயமாகக் கார்ட்டூன் தொடராக்கினார்கள். அதில் ஓர் அத்தியாயம் 1999-இல் பிரான்சின் அன்னேசி விழாவில் பரிசு பெற்றது. ஆனால் அது கனிவான கேலி, அதிகாரத்தோடு மோதாது. மோதியவர்களுக்கு விலை அதிகம்: கேலிச்சித்திரக்காரர் சூனார் மீது 2015-இல் தேச நிந்தனைச் சட்டத்தின்கீழ் ஒன்பது குற்றச்சாட்டுகள் சுமத்தப்பட்டன, 2018-இல்தான் விடுபட்டார். தொலைக்காட்சித் தொடருக்கு முதலீடு போடுபவர் இதையெல்லாம் கணக்குப் பார்ப்பார்.

வீட்டில் பழைய கிலா-கிலா வைத்திருக்கும் மூத்தவர் யாராவது இருந்தால் எடுத்துவரச் சொல்லுங்கள். அதிலிருந்து ஒரு பக்கத்தையும் அந்த இரண்டு கேள்வி போட்டுப் பார்க்கலாம்.

துணைவரி:

வசனத் தாளை 14 புள்ளி எழுத்தில், ஒரு பக்கத்துக்குள் அடியுங்கள் அக்கா. வாட்ஸ்அப்பில் படமாகவும் ஒரு வாரம் முன்பே அனுப்பிவிடுங்கள். முதல் முறை பார்க்கும்போது திறக்கவேண்டாம், இரண்டாம் முறைக்கு மட்டும் என்று மேலே எழுதிவிடுங்கள்.