புதுப்பிப்பு: ஸ்விட்ச் கேம் ரிவ்யூ, கையிலயா டிவியிலயா?

கையில வெச்சும் டிவியில மாட்டியும் ஆடுற நிண்டெண்டோ ஸ்விட்ச் கன்சோல் இருக்குல்ல, அதோட கேமை டிவியில மட்டும் ஆடிட்டு ரிவ்யூ எழுதினா போதுமான்னு முன்னாடி கேட்டிருந்தேன்ல, பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி, இப்ப ரெண்டு விதமாவும் ஆடிப் பாத்தாச்சு, போதாதுங்க. 2017ல வந்த பிரெத் ஆஃப் தி வைல்ட்ங்கிற செல்டா கேமை எடுத்துக்கோங்க, படத் தெளிவு டிவியில 900பி, கையில அதைவிட கம்மியா 720பி, ஆனா வந்த புதுசுல ஃப்ரேம் திக்கினது, அதாவது படம் விட்டு விட்டு ஓடினது, டிவியிலதான் ஜாஸ்தி, கையில கொஞ்சம் ஸ்மூத்தாவே போச்சு (அப்புறம் அப்டேட்ல ஓரளவு சரி பண்ணாங்க). இன்னொன்னு எழுத்து சைஸ். டிவிய மனசுல வெச்சு பண்ண மெனுவை 6.2 இன்ச் திரையில படிக்கிறதுக்குள்ள முழி பிதுங்குது, ஐட்டம் விவரமெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு, இதை யாருமே ரிவ்யூல எழுத மாட்டேங்கிறாங்க. ரெண்டுக்கும் சேத்து ஸ்கோர் ஒண்ணுதான் குடுப்பேன், ஆனா எதுல ஆடினேன்னு மேலயே போட்டுடுவேன். கையில ஆடும்போது பேட்டரி எவ்வளவு நேரம் நிக்கும்னு கேட்டவங்களுக்கு, அது கேமுக்கு கேம் மாறும், தனியா எழுதுறேன்.