புற்றுநோயாளிக்கு நெஞ்சில் நீர் கட்டினால் சிகிச்சையை எப்படித் தெரிவு செய்கிறார்கள்?

கேள்வி (ஹட்டன்)
என் அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் நுரையீரல் உறைக்குப் பரவி, வலப்பக்கத்தில் நீர் கட்டியுள்ளது. கண்டியில் ஊசி மூலம் நீரை எடுத்ததும் மூச்சு இலகுவாகிறது. ஆனால் சில வாரங்களில் மீண்டும் கட்டிவிடுகிறது. அதே வாட்டில் ஒருவருக்கு டால்க் மருந்து செலுத்தினார்கள், இன்னொருவரை, நீரை வெளியேற்ற நெஞ்சில் பொருத்திய குழாயுடன் வீட்டுக்கு அனுப்பினார்கள், வேறொருவருக்கு எதுவுமே செய்யவில்லை. இந்த வேறுபாடு எதனால்?

பதில் 1 (வைத்தியர், பதுளை)
சகோதரி, நீர் இருந்தும் மூச்சுத்திணறல் இல்லாதவருக்குப் பொதுவாக நீரை அகற்றுவதில்லை; அந்த மூன்றாமவர் அப்படிப்பட்டவராக இருக்கலாம். திணறல் உள்ளவரிடம் முதலில் நீரை எடுத்துப் பார்ப்பதே, என் கருத்தில், மிக முக்கியமான பரிசோதனை. நீர் போனபின் மூச்சு இலகுவாகாவிட்டால், நுரையீரல் இரத்தக் குழாயை அடைக்கும் இரத்தக் கட்டி, இதய நோய், நுரையீரலுக்குள்ளேயே பரவிய புற்று போன்ற வேறு காரணத்தைத் தேட வேண்டும். அடுத்து, நுரையீரல் முழுமையாக விரிந்து நெஞ்சுச் சுவரைத் தொடுகிறதா என்பதை எக்ஸ்ரேயில் பார்ப்பார்கள். டால்க், உறையின் இரு படைகளையும் ஒட்டவைத்து நீர் சேர இடமில்லாமற் செய்கிறது. நுரையீரல் விரியாவிட்டால் அப்படைகள் ஒன்றையொன்று தொடுவதேயில்லை, ஆகவே அத்தகையவருக்குக் குழாயே பொருத்தம். விரிபவருக்கு இரண்டும் பொருந்தும். 106 நோயாளிகளைக் கொண்டு நடத்தி 2012இல் வெளியிட்ட பிரித்தானிய ஆய்வில், முதல் ஆறு வாரங்களில் மூச்சுத்திணறலைக் குறைப்பதில் இரண்டுக்கும் வேறுபாடு காணப்படவில்லை. டால்க்குக்குச் சில நாள் வாட்டில் தங்க வேண்டும். குழாய்க்கு வீட்டில் பராமரிப்புத் தேவை.

பதில் 2 (பண்டாரவளை)
என் தந்தைக்குக் குழாய் வைத்திருந்தார்கள். வீட்டில் யார் நீரை வெளியேற்றுவார், கைகழுவச் சுத்தமான நீர் உண்டா, லயத்திலிருந்து வாகனப் பாதை எவ்வளவு தூரம் என்பதையெல்லாம் தாதி அம்மா பொறுமையாகக் கேட்டறிந்த பின்பே முடிவெடுத்தார்கள். குழாயைச் சுற்றிச் சிவப்போ சீழோ காய்ச்சலோ கண்டால் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். மழையில் பாதை மூடிவிடும் தோட்டங்களில் இதை முன்கூட்டியே யோசிப்பது நல்லது.

கேள்வியாளர்
மிக்க நன்றி. நோயாளி எவ்வளவு காலம் வாழ்வார் என்பதையும் கணக்கில் எடுப்பார்களா?

பதில் 3 (புற்றுநோய் வாட்டில் பணியாற்றிய தாதி, கண்டி)
எடுப்பார்கள். அதற்காக 2014இல் வெளியான லென்ட் என்னும் மதிப்பெண் முறையில் நீரிலுள்ள எல்.டி.எச். என்னும் நொதியின் அளவு, நோயாளியின் நடமாட்டம், இரத்தத்திலுள்ள இரு வகை வெள்ளணுக்களின் விகிதம், புற்றின் வகை ஆகிய நான்கும் சேர்கின்றன. மிகத் தளர்ந்து சில வாரங்களே எஞ்சியிருப்பவரை டால்க்குக்காக வாட்டில் வைத்திருக்காமல், தேவைப்படும்போது நீரை எடுத்து மோர்ஃபின் கொடுத்து ஆறுதலளிப்பதே மனிதாபிமானம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். மார்பகப் புற்றில் ஹோர்மோன் சிகிச்சையோ கீமோவோ பலனளித்தால் நீர் கட்டுவதும் குறையக்கூடும். ஆனால் அம்மா திணறிக்கொண்டிருக்கும்போது அந்தப் பலனுக்காகக் காத்திருக்கக் கூடாது. அடுத்த கிளினிக்குக்கு, நீர் எடுத்த திகதிகளையும், ஒவ்வொரு முறையும் எடுத்த அளவையும், அதன்பின் எடுத்த எக்ஸ்ரேயையும் கொண்டுசெல்லுங்கள். நீர் எவ்வளவு விரைவாகத் திரும்புகிறது, நுரையீரல் விரிந்ததா என்ற இரண்டையும் வைத்தியர் அவற்றிலிருந்தே அறிந்துகொள்வார்.