ரீசெட் செய்ததும் மறைந்துபோன கமிட்டுகளை மீட்க முடியுமா?

கேள்வி:
வணக்கம். வேலையில் சேர்ந்து இரண்டு மாதங்கள் ஆகின்றன. நிரல் மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் கிட் கருவியில், நேற்று ஒரு கமிட்டை (சேமித்த மாற்றப் பதிவை) மட்டும் நீக்க எண்ணி, பழைய நிலைக்குத் திருப்பும் ரீசெட் ஹார்ட் கட்டளையைத் தவறாக இட்டுவிட்டேன். இன்னும் புஷ் செய்யாத (தொலைச் சேமிப்பகத்துக்கு அனுப்பாத) மூன்று கமிட்டுகளும் லாக் பட்டியலில் இல்லை. கட்டளைகளை மனப்பாடமாகவே பயன்படுத்தி வருவதால், உள்ளே என்ன நடந்தது என்பதே புரியவில்லை.

பதில் 1:
பதற்றம் வேண்டாம். 'கிட் ரீஃப்ளாக்' என்று தட்டினால், ஹெட் (நீங்கள் இப்போது நிற்கும் கமிட்டைக் காட்டும் குறி) இதுவரை நின்ற இடங்கள் வரிசையாக வரும். ரீசெட்டுக்கு முந்தைய வரியின் தொடக்கத்தில் உள்ள ஏழு எழுத்துக் குறியீட்டைக் கொடுத்து, அங்கிருந்து ஒரு புதிய கிளையை உருவாக்குங்கள். இத்தகைய பதிவுகள் இயல்பாக 30 நாட்கள் வரை இருக்கும் என்பதால், இன்றே செய்துவிடுங்கள்.

பதில் 2:
கிளை என்பது கோப்புகளின் நகல் அன்று. ஒரு கமிட்டைச் சுட்டும் பெயர் மட்டுமே. புள்ளி கிட் (.git) கோப்புறையில் ரெஃப்ஸ், ஹெட்ஸ் என்று உள்ளே சென்று உங்கள் கிளையின் பெயருள்ள கோப்பைத் திறந்து பார்த்தால், பெரும்பாலும் 40 எழுத்துகள் கொண்ட ஒற்றை வரிதான் இருக்கும். ரீசெட் அந்த வரியை மாற்றியதே தவிர, கமிட்டுகளை அழிக்கவில்லை. இதை ஒருமுறை கண்ணால் பார்த்த பிறகுதான் கிளைகளின் மாற்றங்களை ஒருங்கிணைக்கும் மெர்ஜும் ரீபேஸும் எனக்கு விளங்கின. ஆனால், ஆட் கூடச் செய்யாத (அடுத்த கமிட்டுக்கெனக் கிட்டில் சேர்க்காத) மாற்றங்களை ரீசெட் ஹார்ட் உண்மையிலேயே அழித்துவிடும். அவற்றைக் கிட்டால் மீட்க இயலாது.

கேட்டவர்:
மூன்று கமிட்டுகளும் கிடைத்துவிட்டன. இருவருக்கும் மனமார்ந்த நன்றி.