அப்பா வைத்தியசாலையில்: யாழ்ப்பாணம் போய்ச் சேர எத்தனை மணித்தியாலம்?

கேட்பவர்: அப்பாவை நேற்றிரவு நெஞ்சு வருத்தத்துடன் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் அனுமதித்திருக்கிறார்கள். நான் வெளிநாடு வந்து நான்கு மாதங்களே ஆகின்றன. பயணத்துக்கு ஆளுக்கொரு கணக்குச் சொல்கிறார்கள். எப்போது வருவாய் என்று கேட்கும் அம்மாவுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

லண்டன் அண்ணன்: தம்பி, பயப்படாதீர்கள். லண்டனிலிருந்து கொழும்புக்கு ஏறத்தாழ 8,700 கிலோமீற்றர். நேரடி விமானத்தில் பத்தரை மணித்தியாலம். இன்றிரவு ஏறினால் நாளை மதியம் கொழும்புக்கு அருகிலுள்ள கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கலாம்.

மொன்றியல் அக்கா: எந்த நாட்டில் இருக்கிறார் என்று அவர் இன்னும் சொல்லவில்லையே. நான் வந்த முதற் பனிக்காலத்தில் அம்மம்மா காலமானபோது, கையில் காசுமில்லை, வேலையில் விடுப்புமில்லை. செத்தவீட்டைத் தொலைபேசியில் கேட்டுக்கொண்டு குளியலறையில் இருந்து அழுதேன். கடன்பட்டாவது போங்கள், தம்பி.

கோண்டாவில் வாசி: கட்டுநாயக்க எதற்கு? 2019 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கு அருகிலுள்ள பலாலி சர்வதேச விமான நிலையமாகிவிட்டது. சென்னையிலிருந்து ஒன்றேகால் மணித்தியாலம்தான்.

லண்டன் அண்ணன்: தனித்தனிச் சீட்டாக எடுத்தால் சென்னையில் பெட்டியை எடுத்து மறுபடி பதிய வேண்டும், அதற்கு இந்திய விசா வேண்டும். முதல் விமானம் பிந்தினால் அடுத்த சீட்டின் காசும் போய்விடும்.

மொன்றியல் அக்கா: அந்தக் காசைப் பற்றிக் கேட்காதீர்கள். பள்ளி விடுமுறையும் நல்லூர்த் திருவிழாவும் சேர்ந்து வரும் நாட்களில், நான்கு பேருள்ள குடும்பம் ஊருக்குப் போவதென்றால் ஒரு வருடச் சேமிப்பே கரைந்துவிடுகிறது.

கேட்பவர்: மன்னித்துக்கொள்ளுங்கள், பதற்றத்தில் சொல்ல மறந்துவிட்டேன். நான் ரொறன்ரோவில் இருக்கிறேன். இலங்கைக் கடவுச்சீட்டு, நிரந்தர வதிவிட அட்டை இன்னும் தபாலில் வரவில்லை.

ஸ்காபரோ அண்ணன்: அப்படியானால் லண்டன் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. ரொறன்ரோவுக்கும் கொழும்புக்கும் இடையே நேர்க்கோட்டில் ஏறத்தாழ 14,000 கிலோமீற்றர். நேரடி விமானம் கிடையாது. டுபாய் வழியாகப் போனால் தூரம் சில நூறு கிலோமீற்றரே கூடும்: டுபாய்க்கு 13 மணித்தியாலம், அங்கே மூன்று மணித்தியாலம் காத்திருப்பு, பின்னர் கட்டுநாயக்கவுக்கு நாலரை. கொழும்பு நகருக்குள் போகாமல், புத்தளம், அனுராதபுரம், வவுனியா வழியாக வாகனத்தில் வந்தால் யாழ்ப்பாணத்துக்கு இன்னும் ஆறேழு மணித்தியாலம். குடிவரவு வரிசையையும் சேர்த்தால், விமானம் புறப்பட்டதிலிருந்து ஏறத்தாழ 29 மணித்தியாலம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். கோடையில் இலங்கை ஒன்பதரை மணித்தியாலமும் பனிக்காலத்தில் பத்தரையும் முந்தியிருப்பதால், திங்கள் பிற்பகல் புறப்படுபவர் புதன் அதிகாலையில்தான் வைத்தியசாலை வாசலை அடைவார்.

இதைவிட முக்கியமானது உங்கள் அட்டை. அது கையில் இல்லாமல் பயணம் போனால், திரும்பும்போது கனடாவுக்கு வரும் விமானத்தில் ஏற்றமாட்டார்கள். இலங்கையில் இருந்தபடி நிரந்தர வதிவாளருக்கான பயண ஆவணத்துக்கு விண்ணப்பித்துப் பெற வேண்டும். நெருங்கிய உறவினரின் கடும் வருத்தத்தைக் காட்டி அட்டையை விரைவாகக் கேட்கவும் வழியுண்டு. இரண்டுக்குமே வைத்தியரின் கடிதம் உதவும். அதைப் படமெடுத்து அனுப்பும்படி வீட்டாரிடம் இப்போதே சொல்லுங்கள். சீட்டு கட்டுநாயக்க வரையான முழு விமானப் பாதைக்கும் ஒன்றாகவே இருக்கட்டும்.

கேட்பவர்: அண்ணா, கடிதத்துக்குத் தங்கச்சி வைத்தியரிடம் போயிருக்கிறாள். அப்பா கண்விழித்துத் தண்ணீர் கேட்டாராம்.

கோண்டாவில் வாசி: பயணத் திகதி முடிவானதும் எழுதுங்கள், தம்பி. கட்டுநாயக்கவுக்கு வாகனம் ஒழுங்குசெய்து தருகிறேன்.