ரஃபேல், டைஃபூன், கிரிபென்: விலையை எப்படி ஒப்பிடுவது?

நண்பர்களே, வணக்கம். ரஃபேல் (பிரான்ஸ்), டைஃபூன் (ஐரோப்பிய நாடுகளின் கூட்டுத் தயாரிப்பு), கிரிபென் (ஸ்வீடன்) ஆகிய மூன்று போர் விமானங்களை ஒப்பிடும் ஒரு கணக்கில் இரண்டு வாரமாகச் சிக்கித் தவிக்கிறேன். விவரம் அறிந்தவர்கள் கைகொடுங்கள்.

பிரேசில் 2014-இல் 36 கிரிபென் போர் விமானங்களுக்கு ஒப்பந்தம் போட்டது: சுமார் 3,930 கோடி ஸ்வீடன் குரோனர். இந்தியா 2016-இல் அதே 36 ரஃபேல்களுக்குச் சுமார் 787 கோடி யூரோ தந்தது. எண்ணிக்கை ஒன்றுதானே என்று வகுத்துப் பார்த்தேன்; விடை எதற்கும் உதவவில்லை. ரஃபேல் தொகையில் ஏவுகணைகளும் உதிரிபாகங்களும் பராமரிப்பும் அடக்கம். பிரேசில் தொகையில் தொழில்நுட்பப் பரிமாற்றம் கலந்திருக்கிறது. வெறும் விமானத்தின் விலையைப் பிரித்தெடுக்க வழி உண்டா?

வான்சண்டைத் திறனிலும் குழப்பம்தான். மூன்றுக்கும் மீட்டியோர் ஏவுகணை உண்டு. டைஃபூனின் இரண்டு இஞ்சின்களும் தலா 90 கிலோநியூட்டன் உந்துவிசை தருபவை. ரஃபேலுக்குத் தலா 75. உயரத்திலும் வேகத்திலும் டைஃபூனே முந்தும் என்பது என் கணிப்பு.

ஆனால் கிரிபெனை விட மனம் வரவில்லை. நெடுஞ்சாலையில் இறங்கி, ஒரு தொழில்நுட்பரும் கட்டாய ராணுவச் சேவையில் இருக்கும் ஐந்து வீரர்களும் பத்தே நிமிடத்தில் எரிபொருளும் ஏவுகணையும் ஏற்றி அனுப்புவதற்கென்றே உருவான விமானம் அது. இந்தச் சிறப்பை எப்படி மதிப்பிடுவது?

ஒரு மணி நேரம் பறக்க ஆகும் செலவை ஒவ்வொரு நாடும் எதையெதைச் சேர்த்துக் கணக்கிடுகிறது என்று தெரிந்தவர்கள் அவசியம் எழுதுங்கள்.