தாத்தாவின் ஜெமினி ஸ்டூடியோ போட்டோக்கள்: எப்படிப் பாதுகாப்பது?

கல்லிடைப் பேரன்:
எல்லோருக்கும் வணக்கம். எனக்குச் சொந்த ஊர் கல்லிடைக்குறிச்சி. அம்மாவைப் பெற்ற தாத்தா, மெட்ராஸ் ஜெமினி ஸ்டூடியோவில் செட் போடும் தச்சராக இருந்தவர். வீட்டில் மராமத்து வேலை நடந்தபோது மச்சில் ஒரு தகரப்பெட்டி கிடைத்தது. உள்ளே கறுப்பு அட்டை ஆல்பம் ஒன்று, உதிரிப் படங்கள், ஒரு நெகட்டிவ் சுருள்.

ஒரு படத்தில் பிரம்மாண்டமான முரசுகள் வரிசையாக நிற்கின்றன. ஒன்றுக்கு மட்டும் மேல்மூடி இல்லை, உள்ளே மரச்சட்டம் தெரிகிறது. பக்கத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நாலு பேர். அதில் உளியோடு நிற்பவர்தான் தாத்தா. இன்னொன்றில் ஸ்டூடியோ வாசல், ஓரமாக ஒரு கை ரிக்‌ஷா.

சில படங்களின் ஓரம் பாதரசம் பூசியது மாதிரி மினுங்குகிறது. சட்டம் போட்ட ஒரு படம் கண்ணாடியோடு ஒட்டிப் போயிருக்கிறது. துடைத்து லேமினேட் செய்து தருகிறோம் என்று ஒரு கடையில் சொன்னார்கள். செய்யலாமா? விவரம் தெரிந்த அண்ணாச்சிமார் சொல்லுங்கள்.

பாளை இருட்டறை:
தம்பி, லேமினேட் மட்டும் செய்துவிடாதீர்கள். சூடும் பசையும் சேர்ந்து படத்தைப் பிடித்துக்கொண்டால் பிறகு பிரிக்கவே வழியில்லை. பாளையங்கோட்டையில் கறுப்பு வெள்ளை கழுவிக் கழுவியே காலம் போனவன் நான், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

அந்த மினுக்கம் அழுக்கு இல்லை. படத்தில் இருக்கிற வெள்ளிதான் ஈரக்காற்று பட்டுப் பட்டு மேலே வந்து படிந்திருக்கிறது. துடைத்தால் படமும் சேர்ந்து போய்விடும். மெத்தென்ற காய்ந்த பிரஷ்ஷால் தூசியை மட்டும் தட்டுங்கள், ஈரத்துணி ஆகாது. கண்ணாடியில் ஒட்டியதை உரிக்க வேண்டாம், கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் எடுங்கள். 600 டிபிஐ வைத்தால் முகமெல்லாம் தெளிவாக வரும்.

நெகட்டிவ் சுருளை இன்றைக்கே பாருங்கள். ஓரத்தில் ‘சேஃப்டி’ என்று அச்சு இருக்கிறதா? இருந்தால் அது சட்டென்று தீப்பற்றாத வகை. வினிகர் வாடை அடித்தால் அது அசிடேட், மெல்லக் கெட்டுக்கொண்டிருக்கிறது, மற்ற படங்களிலிருந்து தள்ளி வையுங்கள். 1950களின் தொடக்கம் வரைக்கும் நைட்ரேட் பிலிமும் புழக்கத்தில் இருந்தது. அது சட்டென்று தீப்பற்றும், பற்றினால் தண்ணீர் ஊற்றினாலும் அணையாது. பழுப்பேறிப் பிசுபிசுவென்று இருந்தால் பிரிக்காமல், அடுப்பங்கரைக்கும் வெயிலுக்கும் எட்டாத இடத்தில் வைத்துவிட்டு, புனேயில் உள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கு எழுதிக் கேளுங்கள்.

அப்புறம் முக்கியமான விஷயம், படங்களின் பின்பக்கம். ஆல்பத்தில் மூலை வைத்துச் செருகியிருந்தால் மெதுவாக எடுத்துப் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். முத்திரை, பென்சில் எழுத்து, வெறும் நம்பர் என்று எது இருந்தாலும் விடாதீர்கள். நடிகர்கள் வெளிச்சத்தில் அழகாக நிற்கும் ஸ்டில்கள் பத்திரிகைகளுக்கும் தியேட்டர்களுக்கும் போனவை, அவற்றுக்கு எங்காவது இன்னொரு பிரதி இருக்கும். உளியோடு நாலு பேர் நிற்கிற படம் உங்கள் பெட்டியில் மட்டும்தான் இருக்கும். அந்த மற்ற மூன்று பேரும் யார்? வீட்டில் ஆச்சி இருந்தால் இந்த வாரமே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். பேர் தெரிந்தால் பின்பக்க ஓரத்தில் 2பி பென்சிலால் அழுத்தாமல் எழுதுங்கள். பால்பாயின்ட் பேனா கூடவே கூடாது, முன்பக்கம் வரைக்கும் தடம் விழும்.

டவுன் வாசகன்:
முரசு என்றதுமே எனக்குப் புல்லரித்துவிட்டது. அது ‘சந்திரலேகா’வாகத்தான் இருக்க வேண்டும். 1948இல் வந்தது, எஸ். எஸ். வாசன் தயாரித்து இயக்கிய படம். முரசுகளின் மேலே டி. ஆர். ராஜகுமாரியும் கூட்டத்தாரும் ஆட, ஆட்டம் முடிந்ததும் உள்ளே ஒளிந்திருந்த வீரர்கள் வெளியே பாய்வார்கள். மூடியில்லாத முரசின் உள்ளே சட்டம் தெரிகிறது என்கிறீர்களே, ஆளை உள்ளே வைத்துக்கொண்டு மேலே ஆடுகிறவர்களையும் தாங்க வேண்டும் அல்லவா? அதைக் கட்டிய கைகளில் ஒன்று கல்லிடைக்குறிச்சிக் கை என்பது நம் ஜில்லாவுக்கே பெருமை. கலை இயக்குநர் ஏ. கே. சேகர் பேர் எல்லா இடத்திலும் இருக்கிறது, இருக்கவும் வேண்டும். தச்சர்கள் பேர் எங்கேயும் இல்லை.

ஜெமினியில் நடிகர் முதல் தச்சர் வரை மாதச் சம்பளக்காரர்கள் நிறைய. நம் புதுமைப்பித்தனும் அங்கே ‘ஔவையார்’ படத்துக்கு எழுதப் போனவர்தான். படம் 1953இல் வெளிவந்தது, அவரோ 1948லேயே போய்விட்டார். உங்கள் தாத்தா எந்த வருடங்களில் அங்கே இருந்தார்? உதிரிப் படங்களில் எழுத்துக்காரர்கள் யாராவது நிற்கிறார்களா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

கல்லிடைப் பேரன்:
ரொம்ப நன்றி அண்ணாச்சி. நெகட்டிவில் ‘சேஃப்டி’ என்று இருக்கிறது, லேசாக வினிகர் வாடையும் உண்டு. தனியாக எடுத்து வைத்துவிட்டேன். முரசுப் படத்தின் பின்னால் தாத்தா கையெழுத்தில் ‘மூணாவது புளோர்’ என்று மட்டும் இருக்கிறது, படப்பிடிப்புக் கூடத்தைத்தான் அப்படிச் சொல்வார்கள். ஆச்சி இரண்டு பேரை அடையாளம் சொன்னாள். ஒருவர் வீரவநல்லூர்க்காரர், இன்னொருவர் தஞ்சாவூர்ப் பக்கம். நாலாவது ஆளைத் தெரியவில்லை. டவுன் அண்ணாச்சி, தாத்தா இருந்த வருடங்களை மாமாவிடம் கேட்டு எழுதுகிறேன். எல்லாவற்றையும் பீரோவில் வைக்கலாமா? அந்துருண்டை போடலாமா?

பாளை இருட்டறை:
பீரோ நல்லது, ஆனால் சுவரை ஒட்டி வேண்டாம். ஐப்பசி கார்த்திகையில் ஓதம் ஏறும். அந்துருண்டை வேண்டாம், அந்த ஆவி படத்துக்கு ஆகாது. அமிலமில்லாத காகித உறையில் ஒவ்வொன்றாகப் போடுங்கள். பிளாஸ்டிக் ஒட்டு ஆல்பம் பக்கமே போகாதீர்கள். ஸ்கேன் பிரதி ஒன்றை வீரவநல்லூர்க்காரர் குடும்பத்துக்கும் அனுப்புங்கள். நாலாவது ஆளை அவர்களுக்குத் தெரிந்திருக்கலாம். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலும் ஒரு பிரதி கொடுத்து வையுங்கள்.