அப்பாவின் தாடைக் கட்டி: முழுசாக எடுப்பதா, துளை போட்டு வடிப்பதா?

வைகைக்கரை:
அப்பாவுக்கு 76 வயது. கீழ்த்தாடையில், கடைவாய்ப் பல் பக்கம் பெரிய நீர்க்கட்டி. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். இதயத் துடிப்பும் சீராக இல்லை, அதற்கு இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை. ஒரு டாக்டர் முழு மயக்கம் கொடுத்துக் கட்டியை எடுக்க வேண்டும் என்கிறார். இன்னொருவர் மரத்துப்போக ஊசி போட்டு, சின்னத் துளையில் குழாய் வைத்தால் போதும் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

பழைய கத்தி:
முழுசாக எடுங்கள். துளை போட்டால் கட்டியின் உறை உள்ளேயே கிடக்கும். கெரட்டோசிஸ்ட் என்ற பிடிவாதமான நீர்க்கட்டி வகை என்றால் திரும்ப வரலாம். ஒரே நாளில் முடிகிற வேலையை ஏன் மாதக்கணக்கில் இழுப்பது?

கடைவாய்:
டயாலிசிஸ்காரருக்கு எது ஒரே நாளில் முடியும் சார்? பெரிய கட்டி எலும்பை முட்டை ஓடு மாதிரி ஆக்கியிருக்கும். சுரண்டும்போது தாடை முறியலாம், நரம்பு அடிபட்டுக் கீழுதடு மரத்தே போகலாம். கட்டி பெருப்பது உள்ளே இருக்கும் நீரின் அழுத்தத்தால். அதை வடித்துவிட்டால் ஓரத்திலிருந்து புது எலும்பு வளரும், கட்டி சுருங்கும். ஜெர்மன் அறுவை மருத்துவர் கார்ல் பார்ட்ஷ் 1892லேயே எழுதிவைத்த வழி இது.

பழைய கத்தி:
அதே பார்ட்ஷ்தான் 1910ல் முழுசாக எடுத்துத் தைப்பதையும் சொன்னார், அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? குழாய் வைத்தால் தினமும் சிரிஞ்சில் உப்பு நீர் விட்டுக் கழுவ வேண்டும். 76 வயதில் அவரே செய்வாரா? அப்புறம், தாடை எலும்பை அரிக்கும் அமெலோபிளாஸ்டோமா என்ற வேறு வகைக் கட்டியும் எக்ஸ்ரேயில் நீர்க்கட்டி போலவே தெரிந்து ஏமாற்றும்.

கடைவாய்:
கடைசிப் பாயிண்ட் நியாயம். துளை போடும்போதே உறையில் ஒரு துண்டு பயாப்ஸி என்ற திசுப் பரிசோதனைக்குப் போக வேண்டும். ஒரு துண்டு முழு உறைக்கும் சாட்சி ஆகாது, அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சுருங்கிய பிறகு எடுக்க வேண்டி வந்தாலும் அது சின்ன வேலை.

வார்டு அக்கா:
உங்கள் சண்டை இருக்கட்டும். தம்பி, வார்ஃபரினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், பக்கவாதத்தில் கொண்டுபோய் விடும். இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் டெஸ்ட் பார்த்து இதய டாக்டர் சொல்லட்டும். டயாலிசிஸில் இரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் போடுவார்கள், அதனால் அன்றைக்கு இந்த வேலை வேண்டாம், மறுநாள் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். வீட்டில் கழுவிவிட ஆள் உண்டா?

வைகைக்கரை:
நான்தான் அக்கா. கால் புண்ணுக்கு தினமும் கட்டு மாற்றுவதும் நான்தான்.

பழைய கத்தி:
அப்படியானால் என் எதிர்ப்பில் பாதி போயிற்று. பயாப்ஸியில் கெரட்டோசிஸ்ட் என்று வந்தால் சொல்லுங்கள், மீதிப் பாதியோடு வருகிறேன்.